அச்சம் அறியாத குஞ்சுகள்

நாயும் வாத்துக் குஞ்சும் ஒரே முற்றத்தில் வாழக்கூடுமா என எமது மாணவன் ஒருவன் அண்மையில் வினவினான். அவனது வீட்டுக் கோழியொன்று வாத்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் போதும். வாத்து முட்டைக்கோ 28 நாட்கள் வேண்டும். ஒரு வாரம் கூடுதலாகப் பொறுத்திருக்கவேண்டிய கோழியைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. படலையடியிற் படுத்திருக்கும் நாயைப் பற்றியே அவன் கவலையெல்லாம். "நல்ல நாய்தான், சேர். ஒருத்தரையும் கடியாது" என்றான்.

அச்சொற்கள் எம் நெஞ்சைச் சுட்டன. முன்னொரு காலத்தில் நாமும் இதையே சொன்னோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது வளவில் ஆறு வாத்துக் குஞ்சுகள் பொரித்தன. எமது நாய் வீமன் பிள்ளைகளின் விளையாட்டுத் தோழன்; அயலார் எவரும் அதற்கு அஞ்சுவதில்லை. மூன்றாம் நாள் மாலை, குஞ்சுகளை முற்றத்தில் விட்டு அதற்குக் காட்டினோம். வீமன் முகர்ந்து பார்த்தது, வாலை ஆட்டியது. நட்புப் பிறந்துவிட்டதென மகிழ்ந்து, தேநீர் அருந்த உள்ளே சென்றோம். குஞ்சொன்று வீமனின் பின்னால் ஓடியது. வீமன் திரும்பி, விளையாட்டாக முன்காலால் ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவே. பொரித்த குஞ்சின் நிறை ஏறக்குறைய 50 கிராம்தான். அத்தட்டை அது தாங்குமா?

மகள் அழுதாள். நாம் தடியை எடுத்தோம். எம் அன்னையார் தடுத்தார். "நாய்க்கு ஏன் அடிக்கிறாய்? குஞ்சை விட்டிட்டுப் போனது நீயல்லோ?" என்றார். தடி கீழே விழுந்தது.

அன்னையார் சொன்னதே உண்மை. குஞ்சு ஏன் நாயின் பின்னால் ஓடியது? வாத்துக் குஞ்சு பிறக்கும்போது தன் தாய் யாரென அறியாது. முதன்முதல் தன்முன் அசைந்து செல்வதையே தாயெனக் கொண்டு பின்தொடரும். ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் இவ்வியல்பை 1935இல் விரித்தெழுதினார். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் இவரே. பொரித்து 13 முதல் 16 மணி நேரம் வரையில் இவ்வியல்பு மிக வலுவாயிருக்குமென அமெரிக்க அறிஞர் எக்காட் ஹெஸ் பின்னர் ஆராய்ந்து கண்டார். இளங்குஞ்சுக்கு நாயென்றால் இன்னதென்று தெரியாது. அதற்கு அச்சமில்லை, அச்சமின்மையே அதற்கு ஆபத்து.

நாயின் நிலை வேறு. ஓடுவதைத் துரத்துதல் அதன் குருதியில் ஊறியது. அதிற் பகைமை இல்லை. பிள்ளைகளிடத்து அது காட்டும் சாந்தம், சிறகடித்து ஓடும் குஞ்சினிடத்தும் இருக்குமென நாம் எண்ணுவதே பிழை.

ஆகவே, அடுத்த முறை குஞ்சுகள் பொரித்தபோது நாம் கைக்கொண்ட முறையை அம்மாணவனுக்குக் கூறினோம். வாசகர்க்கும் அது பயன்படும்.

முதல் வாரம் நாயைக் குஞ்சுகளின் அருகே விடுதல் ஆகாது. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கம்பிவலைக் கூட்டினுள் வைத்தல் வேண்டும். குஞ்சைக் காக்கும் கோழி நாயின் முகத்திற் பாயும். நாயும் திருப்பிக் கௌவும். கூட்டினுள் விரித்த வைக்கோலிற் சிறிதெடுத்து நாய் முகர வைக்கலாம். மணமும் ஒலியும் முதலிற் பழகட்டும். இதற்கிடையில், "இரு", "விடு" என்னும் இரு சொற்களுக்கும் நாய் தவறாது கீழ்ப்படியப் பழக்குக.

இரண்டாம் வாரம், நன்றாக நடந்து களைத்து, உணவுண்ட நாயைக் கயிற்றிற் பிடித்து, கூட்டிலிருந்து பத்தடி தொலைவில் இருத்துக. ஒருவர் நாயிடமும் மற்றொருவர் குஞ்சுகளிடமும் இருத்தல் நன்று. ஐந்து நிமிடம் போதும். நாய் குஞ்சுகளை விட்டுப் பார்வையைத் திருப்பும்போதெல்லாம் சிறு மீன்துண்டொன்று கொடுத்துப் பாராட்டுக. உடல் விறைத்து, வாய் மூடி, கண் இமையாமல் நோக்குமாயின் அன்றைய பாடத்தை அவ்வளவில் நிறுத்துக. உடல் தளர்ந்து தானாகப் படுத்துக்கொண்டால் மறுநாள் ஓரடி நெருங்கலாம். ஓரடியை வெல்ல ஒரு வாரம் செல்லினும் பொறுத்தல் வேண்டும்.

குஞ்சைக் கையிலேந்தி நாயின் மூக்கருகே நீட்டுதல் கூடவே கூடாது. படமெடுக்கும் ஆசையிற் பலர் இதைச் செய்கின்றனர். பிழை செய்த நாயை அடித்தலும் வேண்டாம். குஞ்சைக் கண்டால் நோவு வருமென அது கற்றுக்கொள்ளும். குஞ்சுகளைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். வாத்துகளிடமிருந்து சல்மொனெல்லாக் கிருமி பரவக்கூடும்.

நாய் பறவைகளைக் காக்கவும் வல்லது. அவுஸ்திரேலியாவின் வார்ணம்பூல் நகரை அடுத்த சிறு தீவொன்றில் நரிகள் வேட்டையாடியதால், 2005இல் பத்துக்கும் குறைவான சிறு பென்குயின்களே எஞ்சின. 2006இல் மரெம்மா இனக் காவல் நாய்களை அங்கே விட்டனர். பென்குயின்கள் மீண்டும் பெருகின. ஆனால் அவை காவலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். பழக்கியவர்களின் கண்காணிப்பும் அவற்றுக்கு இருந்தது. எமது வீட்டு நாய்க்கு அக்கண்காணிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும்.

இரண்டாம் முறை பொரித்த ஐந்து குஞ்சுகளும் எட்டு வாரங்களில் இறகு முளைத்து வளர்ந்தன. இப்போது அவை வரிசையாகக் கிணற்றடிக்குச் செல்லும்போது, முருங்கை நிழலிற் படுத்திருக்கும் வீமன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மீண்டும் மூடிக்கொள்கின்றது. மகள் அதனைப் புகழ்கின்றாள். நாமும் புகழ்கின்றோம். எனினும், நாம் வீட்டில் இல்லாத பொழுதுகளில் வாத்துகள் கூட்டினுள்ளேயே இருக்கும். மாலையில் அக்கூட்டின் கொக்கியைப் போடுவதும் நாமே. அவ்வேலையைப் பிறரிடம் விடுவதில்லை.