தராசு யார் கையில்?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கிலோ கழிக்கும்போது நமது பெண்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கணக்கில் கழித்தீர்கள்?" அதே கேள்வியைக் கம்பனிகளின் வருடாந்தக் கணக்கைப் பார்த்தும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

சம்பளம் பேசப் போனால் "தாங்க முடியாது" என்பதே பதில். 2024இல் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்று ஜூலையில் இடைக்காலத் தடை பெற்றன. பிறகு சம்பள நிர்ணய சபையில் நாட்சம்பளம் 1350 ரூபாவில் நின்றது. தாங்க முடியுமா என்பதைக் காட்டும் கணக்கில் இரண்டு பெரிய தொகைகள் எண்ணிப் பார்த்தவை அல்ல, மதிப்பிட்டவை.

முதலாவது, மரம். வெட்டி விற்பதற்காகத் தோட்டத்தில் வளர்க்கும் மரங்களை இன்றைய பெறுமதியில் காட்ட வேண்டும் என்கிறது எல்.கே.ஏ.எஸ். 41 என்ற கணக்கீட்டு நியமம். பெறுமதி கூடினால் அந்த ஆண்டின் இலாபத்தில் சேரும். குறைந்தால் நட்டத்தில் சேரும். இருபது வருடத்தில் ஒரு லட்சம் ரூபாவுக்கு விற்கக்கூடிய ஒரு மரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12 சதவீதம் கழித்துப் பார்த்தால் இன்று அதன் பெறுமதி சுமார் 10,370 ரூபா. 15 சதவீதம் கழித்தால் சுமார் 6,110 ரூபா. மரமும் அதுதான், மலையும் அதுதான். கழிக்கும் வீதம் மட்டுமே மாறியது.

இதனால் மதிப்பீட்டாளர் பொய் சொன்னார் என்று ஆகாது. நேர்மையான இருவரும் இரண்டு தொகை சொல்லலாம். வியாபாரத்தின் பெறுமதி பற்றி நீதிமன்றத்துக்குப் போகும் பிணக்குகள் பலவற்றில் வாதம் இந்த வீதத்தைப் பற்றித்தான்.

இரண்டாவது, நமது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் சேவை முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில் கொடுக்க வேண்டும். 30 வருடம் உழைத்தவருக்கு 1000 ரூபா வீதத்தில் 420,000 ரூபா. 1350 ரூபா வீதத்தில் 567,000 ரூபா. சம்பளம் கூடினால் பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கடன் ஏறும். இது உண்மையான செலவுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் அந்தக் கடன் எவ்வளவு என்பதும் கழிக்கும் வீதத்தையே பொறுத்தது. வீதம் கூடினால் கடன் சிறுக்கும், குறைந்தால் பெருக்கும்.

விலைமதிப்பாளர் தொழிலுக்கு நாட்டில் சட்டம் உண்டு. இலங்கை விலைமதிப்பாளர் நிறுவகம் 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அதே 1975இல்தான் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. உரிமையாளருக்கு நட்டஈடு பேசப்பட்டது. அந்த மலைகளை உண்டாக்கிய நமது மூத்தோரின் உழைப்புக்கு அதில் பங்கு இருக்கவில்லை. 2045இல் இப்போதைய குத்தகைகள் முடியும்போது மீண்டும் ஒரு மதிப்பீடு வரும். அப்போதும் நாம் வாசலில் நிற்கக் கூடாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. சம்பளப் பேச்சில் "முடியாது" என்று சொல்லும் கம்பனி, தன் மதிப்பீட்டு அறிக்கைகளையும் எடுத்துக்கொண்ட வீதங்களையும் மேசையில் வைக்க வேண்டும். இரு தரப்பும் ஏற்கும் சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவர் அவற்றைப் பார்க்க வேண்டும். தங்கப் பங்கை வைத்திருக்கும் திறைசேரிக்குக் கம்பனிப் புத்தகங்களைப் பரிசோதிக்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தச் சொல்வோம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிப்போம்.

உறுப்பினர்களுக்கும் வேலை உண்டு. கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகளின் வருடாந்த அறிக்கையை யாரும் பார்க்கலாம். கணக்கியல் படிக்கும் நம் பிள்ளைகள் அதன் பின்பக்கக் குறிப்புகளைத் திறக்கட்டும். எந்த வீதம் எடுத்தார்கள், அது ஒரு சதவீதம் மாறினால் தொகை எவ்வளவு மாறும் என்பது அங்கே அச்சாகியிருக்கும். அதைக் குறித்துத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். தோட்டங்கள் தனியார் கைக்குப் போனபோது பங்குகளில் 10 சதவீதம் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுப் பெட்டிக்குள் அந்தப் பத்திரம் கிடந்தால் பத்திரமாக வையுங்கள். விசாரிக்காமல் யாரிடமும் விற்காதீர்கள்.

மரத்தின் பெறுமதி ஏறியதால் வந்த இலாபம் கையில் வந்த காசு அல்ல என்பதை நாம் அறிவோம். அதைக் காட்டி நாளைக்கே சம்பளம் தா என்று கேட்கவில்லை. நம் கூடையை நிறுக்கும்போது முள்ளைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. கம்பனியின் கணக்கை நிறுக்கும்போதும் அந்த உரிமை வேண்டும் என்கிறோம்.