அட்டை இல்லையேல் உயிர் இல்லையா?

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் தும்கூரில் நடந்ததைக் கர்நாடகத் தமிழ் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஏழைப் பெண் ஒருவர் நிறைமாதக் கர்ப்பிணி. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். வலி கண்டதும் அக்கம்பக்கத்தார் தங்களுக்குள் பணம் திரட்டி ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தனர். அங்கே ஆதார் அட்டை எங்கே என்று கேட்டார்கள். 'தாயி கார்டு' எங்கே என்று கேட்டார்கள். இரண்டும் அவரிடம் இல்லை. பெங்களூருக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூர் போகக் கையில் காசு இல்லை. வீடு திரும்பினார். மறுநாள் காலை தாயும் போனார், பிறந்த இரு சிசுக்களும் போயின. மூத்த பெண் குழந்தை ஒன்று தாயற்று நின்றது.

பணியில் இருந்த டாக்டரும் நர்சுகளும் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டனர். அவசர சிகிச்சைக்கு வருவோரிடம் அட்டை கேட்டு நிற்கக்கூடாது என்று அரசுத் தரப்பில் அறிவிக்கப்பட்டது. எல்லாம் சரி. ஆனால் இந்தக் கொடுமையில் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. அதை எவரும் உரக்கச் சொல்லவில்லை.

'ஜனனி சிசு சுரக்ஷா' என்ற மத்திய அரசுத் திட்டம் 2011 ஜூன் மாதத்திலேயே அமலுக்கு வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் பிரசவம் இலவசம். சிசேரியன் இலவசம். மருந்து, ரத்தம், பரிசோதனை, உணவு எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர வண்டி உண்டு. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அதற்கும் இலவச வண்டி உண்டு. திரும்பி வீடு போகவும் உண்டு. அப்படியானால் தும்கூரிலிருந்து பெங்களூர் வர அந்தப் பெண்ணுக்குக் காசு எதற்கு? காசில்லை என்று அவர் ஏன் வீடு திரும்பினார்?

வண்டி தன் உரிமை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. சட்டம் இருந்தது, திட்டம் இருந்தது, பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. டில்லியில் எழுதிய உத்தரவு ராத்திரி டியூட்டி மேஜைக்கும், மேஜையிலிருந்து வாசலில் வலியோடு நின்றவர் காதுக்கும் போய்ச் சேரவில்லை. மருந்து இல்லாமல் ஏற்படும் சாவு உண்டு. தகவல் இல்லாமல் ஏற்படும் சாவும் உண்டு. இது இரண்டாவது வகை.

பெங்களூரில் பெண்களுக்கென்றே பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகள் உண்டு. 1935-ல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் இருக்கிறது. சிவாஜி நகரில் கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது. அல்சூர், ஸ்ரீராமபுரம், காக்ஸ் டவுன் பகுதிகளில் குடியிருக்கும் கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் தங்கள் வீட்டுப் பெண்களைத் தலைமுறை தலைமுறையாக இத்தகைய ஆஸ்பத்திரிகளுக்குத்தான் அழைத்துச் செல்கிறார்கள். இங்குள்ள டாக்டர்களின் திறமையைக் குறை கூறுவது நோக்கமல்ல. கூட்டம் தாங்காத வார்டுகளில் அவர்கள் படும் பாடு எவரும் அறிந்ததே. கேள்வி வேறு. டாக்டருக்குத் தெரிந்தது கர்ப்பிணிக்குப் போய்ச் சேருகிறதா? ஓர் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறதா? அதைக் கவனிக்கவென்று பொறுப்புள்ள ஓர் ஆள் இருக்கிறாரா?

சின்ன உதாரணம் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை தருகிறார்கள். தினம் ஒன்று வீதம் 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். மாத்திரை விழுங்கத் தொடங்கினால் மலம் கறுப்பாகப் போகும். சிலருக்கு வயிறு கட்டும், குமட்டும். இது இயல்புதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இதை முன்கூட்டிச் சொல்வார் இல்லை. கறுப்பைக் கண்டு மிரண்டு நாலாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் காப்பியோடு சேர்த்து விழுங்குகிறார்கள். காப்பியும் டீயும் அந்தச் சத்தை உடம்பில் ஒட்ட விடாது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டின் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாத்திரைக்குப் பஞ்சம் என்று இதற்குக் காரணம் சொல்லிவிட முடியாது. மாத்திரையோடு சொல்ல வேண்டிய நாலு வார்த்தைக்குத்தான் பஞ்சம்.

இந்த நாலு வார்த்தையும் எந்த மொழியில் சொல்லப்பட வேண்டும்? 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். கன்னடம் இம்மாநிலத்தின் மொழி. அதற்குரிய இடத்தை எவரும் மறுக்கவில்லை. இங்கு வாழ்வோர் அதைக் கற்றுக்கொள்வதே முறை. பல காலமாக இருப்பவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் கலியாணமாகி ஆறு மாதத்துக்கு முன் தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்த பெண், தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்று சொல்ல வரும்போது இலக்கணம் கற்றுக்கொண்டா வர முடியும்? இது தமிழருக்கு மட்டும் கேட்கும் சலுகையல்ல. கட்டட வேலைக்கு வந்திருக்கும் பிகார், ஒடிஷா, வங்காளப் பெண்களுக்கும் இதே தொல்லைதான். நோவுக்கு மொழி வேறுபாடு இல்லை. நோவைச் சொல்வதற்குத்தான் மொழி வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் காரியமல்ல. முதலாவதாக, ஒவ்வொரு பெண்கள் ஆஸ்பத்திரியிலும் தகவல் தொடர்புக்கென்றே ஒரு பொறுப்பாளர் வேண்டும். பத்தோடு பதினொன்றாக ஒரு டாக்டர் தலையில் இதையும் கட்டிவிடக்கூடாது. அரசு உத்தரவு வந்தால் அதை எளிய பேச்சு நடையில் மாற்றி வார்டு, புற நோயாளி சீட்டு தரும் இடம், வாசல் காவலர் வரை கொண்டுபோவது அவர் வேலை. இரவு டியூட்டிக்குப் புதிதாக வருபவரும் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். வாசலில் நிற்கும் காவலருக்கு விதி தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் பேராசிரியருக்குத் தெரிந்து என்ன பயன்?

இரண்டாவதாக, சொல்லும் முறை மாற வேண்டும். சுவரில் ஒட்டும் நோட்டீஸ் படிக்கத் தெரிந்தவருக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் காதால் கேட்பதே வழி. மத்திய அரசின் 'கில்காரி' திட்டம் 2016 முதல் நடந்து வருகிறது. கர்ப்பம் நாலாம் மாதம் தொடங்கிக் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒரு முறை என 72 தடவை தாயின் போனுக்கே பேச்சு வடிவில் செய்தி வரும். எந்த வாரத்தில் எது தேவையோ அதைச் சொல்லும். நல்ல யோசனை. ஆனால் போன் எண்ணைப் பதியும்போதே உங்கள் வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும். போன் பெரும்பாலும் புருஷன் பையில்தான் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது. செய்தி வந்தால் அதை மனைவிக்குக் கொடுக்க வேண்டியது கணவன்மார் கடமை.

மூன்றாவதாக, ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தொடர்பு. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணை அனுப்பும்போது கையில் ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. ரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன ரத்தப் பிரிவு, எந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பது சீட்டில் தெளிவாக இருக்க வேண்டும். வண்டி கிளம்பும்போதே போன் செய்தால் அங்கே ரத்தமும் படுக்கையும் தயாராக இருக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்பட்டால் ஒவ்வொரு நிமிஷமும் உயிருக்கு விலை. சீட்டில் எழுத மறந்ததைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போனால் அந்த அரை மணி திரும்பக் கிடைக்காது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தலைப் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். ஏழு மாதம் வரை பெங்களூரில் காட்டிய பெண்ணை, வளைகாப்பு முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏற்றிவிடுகிறார்கள். எல்லை தாண்டியதும் மாநிலம் மாறுகிறது, அட்டை மாறுகிறது, பதிவு எண் மாறுகிறது. இங்கே எடுத்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் அலமாரியில் கிடக்கும். அங்கே புதிதாகக் கேட்பார்கள். கர்நாடக, தமிழக சுகாதார இலாகாக்கள் கலந்து பேசி ஒரு மாநில அட்டையை மறு மாநிலம் கேள்வியின்றி ஏற்க வழி காண வேண்டும். காவிரி நீரில் உடன்பாடு காண நாளாகலாம். கர்ப்பிணி அட்டையில் உடன்பாடு காண என்ன தடை?

நான்காவது எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒரு தாய் இறந்தால் அந்தச் சாவிலிருந்து மற்ற ஆஸ்பத்திரிகள் என்ன கற்றுக்கொள்கின்றன? பிரிட்டனில் 1952 முதல் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் ரகசியமாக ஆராய்ந்து பாடத்தை மட்டும் பகிரங்கமாக வெளியிடும் ஏற்பாடு இருக்கிறது. அதே முறையைக் கேரளத்தின் மகப்பேறு டாக்டர்கள் சங்கம் 2004-ல் தொடங்கியது. டாக்டர் பெயர் வராது, ஆஸ்பத்திரி பெயர் வராது. என்ன நடந்தது, எங்கே தாமதம், எதைச் செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிவிக்கப்படும். தண்டனைப் பயம் இருந்தால் உண்மை கேஸ் தாளிலேயே புதைந்துவிடும். வேண்டுமென்றே விரட்டியவரைத் தண்டிப்பது ஒன்று, அறியாமல் நேர்ந்த தவறிலிருந்து கற்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டுமே நடக்காது.

2018-20 கணக்கைப் பாருங்கள். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, கர்நாடகத்தில் 69, நாடு முழுவதற்கும் 97. கேரளத்தின் வெற்றிக்குப் படிப்பு, சாலை வசதி எனப் பல காரணங்கள் உண்டு. மறைக்காமல் கற்றுக்கொள்ளும் பழக்கமும் அவற்றில் ஒன்று என்பதில் ஐயமில்லை. அண்டை மாநிலத்துப் பாடத்தைப் படிக்கக் கர்நாடகத்துக்குக் கூச்சம் வேண்டாம்.

அதிகாரிகளுக்குச் சொன்னது போக, நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மாதவிலக்குத் தள்ளிப்போனால் மூன்று மாதத்துக்குள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தெருவுக்கு வரும் 'ஆஷா' ஊழியரிடமோ பெயரைப் பதிந்து தாயி கார்டு வாங்கிவிட வேண்டும். வாடகை வீட்டு விலாசம் இல்லையே, ஊர் ஆதார்தானே இருக்கிறது என்று தயங்கிப் பேசாமல் இருந்துவிடக்கூடாது. அட்டை இல்லை என்று விரட்டுவது குற்றம். ஆனால் அட்டை கையில் இருந்தால் அந்தக் குற்றத்துக்கே இடமிராது. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கெனத் தனிப் பரிசோதனை நடக்கிறது. அன்று அரை நாள் லீவு போட்டாவது அழைத்துப் போக வேண்டும்.

அபாய அறிகுறிகளை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, கடும் காய்ச்சல், தண்ணீர் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். மாமியார் சொல்லும் கைவைத்தியமும் பக்கத்து வீட்டாரின் ஆறுதலும் பிறகு ஆகட்டும்.

ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறார்கள், மகிழ்ச்சி. இரு மொழியும் தெரிந்த பெண்கள் நாலு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் அனுமதியோடு வாரம் இரண்டு நாள் கர்ப்பிணிகள் பிரிவில் உட்கார வைத்தால் அது எந்த விழாவுக்கும் குறைந்த தொண்டல்ல. ரயில்வே காலனிகளிலும் மில் லைன்களிலும் உள்ள தொழிற்சங்கங்களும் இதில் கைகொடுக்கலாம்.

தும்கூரில் அன்று அக்கம்பக்கத்தார் பணம் போட்டார்கள். ஆட்டோ பிடித்தார்கள். ஏழைகள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அவர்களில் ஒருவருக்கேனும், வண்டி இலவசம், திருப்பி அனுப்ப இவர்களுக்கு உரிமையில்லை என்று வாசலில் நின்று சொல்லத் தெரிந்திருந்தால் மூன்று உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு சேர்ப்பது அரசின் கடமை. சுகாதார இலாகா இனியும் மெத்தனம் காட்டாமல் ஆவன செய்யுமா?