கடவுச்சீட்டு யார் கையில்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் உறவினர் வீட்டில் மதியச் சாப்பாடு. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் அடுப்படியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்தவர். இங்கே கனேடியக் குடியுரிமை பெற்ற ஒருவரை மணந்து நாலு மாதம்.

"எத்தனையாம் திகதி மட்டும் இஞ்ச நிக்கலாம், தங்கச்சி?" என்று கேட்டேன்.

"தெரியாது அண்ணை. அவர்தான் எல்லாம் பாக்கிறார்."

கணவர் முன்னறையிலிருந்தே பதில் சொன்னார்: "விசா 2033 வரைக்கும் இருக்கு அண்ணை. போன மாதம் ஸ்பொன்சரும் போட்டாச்சு. ஒரு பிரச்சினையும் இல்லை."

கடவுச்சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கணவருடைய அலுமாரியில், கணவருடைய கோப்புக்குள் இருந்தது. விசாவில் 2033 என்றுதான் இருந்தது. இரண்டு பக்கம் தள்ளி, பியர்சன் விமான நிலையத்தில் குத்திய முத்திரை. அந்தத் திகதியிலிருந்து விரல் விட்டு எண்ணினோம். ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தப் பெண் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். தன் வாழ்க்கையைப் பற்றிய ஒரு திகதியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

அந்தக் கணவர் நல்ல மனிதர். மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெட்டவர்களால் வருவதைப் போலவே, "நான் பாத்துக்கொள்ளுறன், நீர் யோசியாதையும்" என்று சொல்லும் அன்பாலும் நம் வீடுகளில் ஆபத்து வருகிறது.

அந்த வீட்டில் இருந்தவை இரண்டு தவறான எண்ணங்கள். முதலாவது, விசாவில் உள்ள திகதியைத் தங்கும் திகதி என்று நினைத்தது. அந்தத் திகதி கனடாவின் வாசலுக்கு வருவதற்கானது. உள்ளே எவ்வளவு காலம் தங்கலாம் என்பது வாசலில் தீர்மானிக்கப்படுகிறது. அதிகாரி வேறு திகதி எழுதாவிட்டால், வந்த நாளிலிருந்து ஆறு மாதம். இரண்டாவது, ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டதும் தங்கும் காலம் தானாக நீண்டுவிடும் என்று நம்பியது. அது நீளாது. நிரந்தர வதிவிடத்துக்கான விண்ணப்பம் ஒரு பாதை, விசிட்டர் காலத்தை நீட்டும் விண்ணப்பம் இன்னொரு பாதை. இரண்டிலும் தனித்தனியே நடக்கவேண்டும்.

நீட்டிப்பு விண்ணப்பத்தை இணையத்தில் போடலாம். காலம் முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகவே போடச் சொல்கிறது குடிவரவுத் திணைக்களம். கடைசி நாளுக்குள் போட்டுவிட்டால், பதில் வரும்வரை அதே நிபந்தனைகளோடு இங்கே சட்டப்படி இருக்கலாம். சம்மதம் கிடைத்தால் புதிய திகதியோடு விசிட்டர் ரெக்கோர்ட் என்ற தாள் வரும். அந்தத் தாளைக் காட்டி நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வர முடியாது. அதற்கு விசா வேறாக வேண்டும்.

நாள் தவறிவிட்டால் 90 நாளுக்குள் விசிட்டர் நிலையை மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம். அதுவும் தவறினாலும் கதவு முழுவதும் மூடுவதில்லை. கனடாவில் துணையோடு ஒன்றாக வாழ்பவர், தங்கும் காலம் கடந்திருந்தாலும் இங்கிருந்தே ஸ்பொன்சருக்கு விண்ணப்பிக்க 2005 பெப்ரவரியில் வந்த அரச கொள்கை இடம் தருகிறது. ஆனால் அதை நம்பி நாளைக் கடத்துவது, குடை இருக்கிறது என்று மழைக்குள் படுப்பதுபோல. நிலை இழந்தவருக்கு வேலை அனுமதி எளிதில் எட்டுவதில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டாலே நெஞ்சு பதறும். நிலையோடு இருப்பவரோ, இங்கிருந்து ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டதும் திறந்த வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஸ்பொன்சரிலும் இரண்டு வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கனடாவுக்குள் ஒன்றாக வாழும் துணைக்கான பிரிவு ஒன்று. வெளிநாட்டில் இருப்பவருக்கான குடும்பப் பிரிவு மற்றது. இங்கே விசிட்டராக இருந்துகொண்டே இரண்டாவது பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். அதில் மறுப்பு வந்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை ஸ்பொன்சருக்கு உண்டு. உள்நாட்டுப் பிரிவில் அந்த உரிமை இல்லை, பெடரல் நீதிமன்றத்தைத்தான் நாடவேண்டும். உள்நாட்டுப் பிரிவில் போட்டுவிட்டு ஊருக்குப் போய், திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டால் விண்ணப்பமே ஆட்டம் காணும். ஊரில் அப்பா படுக்கையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு எந்த வழி பொருந்தும்? அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். எத்தனை வீடுகளில் அவரிடம் கேட்கிறோம்?

இன்னொரு பழக்கத்தையும் விடவேண்டும். "எயர்போட்டில கலியாணக் கதையே எடுக்காதேங்கோ" என்று வருபவருக்குப் புத்தி சொல்லும் பழக்கம். விசிட்டராக வரும் ஒருவருக்குப் பின்னாளில் நிரந்தரமாக இருக்கும் எண்ணம் இருப்பது குற்றமில்லை. கொடுத்த காலம் முடிந்தால் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால் போதும் என்று குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பொய் சொல்லி அகப்பட்டால் ஐந்து ஆண்டு கனடாப் பக்கமே வர முடியாது.

இன்று இத்தனை வழிகள் உண்டு; ஒரு காலத்தில் மனைவியைக் கூட்டிவருவதற்கே தடை இருந்த நாடு இது. 1923 முதல் 1947 வரை சீனர்கள் குடியேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது கனடா. இங்கே உழைத்த ஆண்கள் ஊரிலிருந்த மனைவிமாரின் முகம் பாராமலே கிழவர்களானார்கள். நம் காலத்திலும், 2012 ஒக்ரோபரில் ஒரு விதி வந்தது. புதிதாக ஸ்பொன்சர் செய்யப்பட்ட பல துணைகள் இரண்டு ஆண்டு ஸ்பொன்சரோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் வதிவிடம் நிலைக்கும் என்றது அது. அடி வாங்கினாலும் வாய் திறக்க முடியாத நிலைக்கு அது பெண்களைத் தள்ளுகிறது என்று பெண்கள் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் விடாமல் எடுத்துச் சொன்னார்கள். 2017 ஏப்ரலில் அரசு அந்த விதியை நீக்கியது.

விதி போய்விட்டது. அதன் நிழல் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. "நான் கையெழுத்தை எடுத்தா நீ பிளேன் ஏறவேணும்" என்ற பேச்சு நம் காதுக்கும் வருகிறது. உண்மை இதுதான்: நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை ஸ்பொன்சர் தன் விண்ணப்பத்தை மீளப் பெறலாம். கிடைத்த பின் முடியாது. மாறாக, அன்றிலிருந்து மூன்று ஆண்டுக்குத் துணையின் அடிப்படைத் தேவைகளுக்குப் பொறுப்பு என்று அரசுக்குக் கொடுத்த வாக்கு அவரையே கட்டும். பிரிந்தாலும் விவாகரத்தானாலும் அந்த வாக்கு அறுந்துபோகாது. வதிவிடம் கிடைக்குமுன் வன்முறையில் சிக்கியவருக்கென்று, கட்டணம் இல்லாத தற்காலிக வதிவிட அனுமதி 2019 ஜூலை முதல் இருக்கிறது. இவற்றை அப்படிப்பட்ட பெண்ணுக்கு யார் சொல்வது? கடவுச்சீட்டைக்கூடக் கண்ணால் காணாதவருக்கு எப்படித் தெரியவரும்?

ஒட்டாவாவிடம் ஒன்று கேட்கிறோம். ஸ்பொன்சர் விண்ணப்பம் கிடைத்தது என்று அனுப்பும் கடிதத்தின் முதல் வரியிலேயே, "இதனால் உங்கள் தங்கும் காலம் நீளவில்லை" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அதைத் துணையின் பெயருக்கு, அவருக்குத் தெரிந்த மொழியில் அனுப்புங்கள். ஒரு வரியால் எத்தனையோ குடும்பங்களின் தூக்கம் திரும்பும்.

நம்மவர்களிடம் கேட்பது அதைவிட எளிது. துணையின் கடவுச்சீட்டைத் துணையிடமே கொடுங்கள். விண்ணப்பத்தின் பிரதியைக் கொடுங்கள். இணையக் கணக்கின் கடவுச்சொல்லை இருவரும் தெரிந்துவைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ இருவரும் சேர்ந்து போங்கள், பேசும்போது துணையையும் பேசவிடுங்கள். கணவனை ஸ்பொன்சர் செய்யும் மனைவிமாருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

அன்று சாப்பாடு ஆறிப்போனது. கணவர் மடிக்கணினியைத் திறந்து தானே தட்டத் தொடங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைத் தட்டினார், பிறந்த திகதியைத் தட்டினார், கனடாவுக்குள் வந்த நாளைத் தட்டினார். நீட்டிப்பு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. எழுந்து போய், சுவரில் தொங்கிய மளிகைக்கடைக் கலண்டரை எடுத்து வந்தார். நல்ல நேரமும் விரத நாளும் அச்சிட்ட அந்தக் கலண்டரில், ஒன்பது நாள் தள்ளி இருந்த திகதியைத் தன் கையால் சிவப்பு மையில் வட்டமிட்டார்.

உங்கள் வீட்டுக் கலண்டரிலும் அப்படி ஒரு வட்டம் இருக்கவேண்டுமா என்று இன்றிரவே பாருங்கள். இருக்கவேண்டுமென்றால், பேனையை உரியவரின் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்