தவறிய அடியும் அடுத்த அடியும்



நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு விளையாட்டின் மைதானத்திற்கு இம்மாதம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கோல்ஃப் என்பது அதன் பெயர். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வந்தவர்கள் அந்தப் பசும்புல் மேடுகளைச் சாலையோரமாக நின்று பார்த்திருக்கக்கூடும். செல்வந்தர்களின் பொழுதுபோக்கு, அதில் நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு தவறு நிகழ்ந்துவிட்ட பின் மனித உள்ளம் என்ன பாடுபடுகிறது, அதிலிருந்து எவ்வாறு மீள்கிறது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறொன்றை நான் அறியேன்.

ஆட்டத்தின் விதி எளியது. சிறியதொரு பந்தை மட்டையால் அடித்து, தொலைவில் உள்ள ஒரு குழிக்குள் விழச் செய்யவேண்டும். குழியின் வாய் நாலேகால் அங்குலம். இவ்வாறு 18 குழிகள். எவர் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். ஒரு முழுச் சுற்றுக்குத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு 72 அடிகள் அல்லது அதையொட்டிய ஓர் எண்ணிக்கை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இடையிடையே மணற்பள்ளங்களும் ஓடைகளும் உயர்ந்த புல்லும் காத்திருக்கும். பந்து தண்ணீரில் விழுந்தால் தண்டனையாக ஓர் அடி கூடும்.

கிரிக்கெட்டில் தவறு செய்த மட்டையாளர் ஆட்டமிழந்து வெளியேறிவிடுகிறார். அவருடைய வருத்தம் கூடாரத்திற்குள் போய்விடும். கோல்ஃபில் அந்தச் சலுகை இல்லை. தவறாக அடித்தவரே தம் தவறு விழுந்து கிடக்கும் இடம்வரை நடந்து செல்லவேண்டும். அது கிடக்கும் நிலையிலேயே மீண்டும் அதை அடிக்கவேண்டும். போன அடியை அழிப்பதற்கு வழியே கிடையாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மட்டையை ஓங்கி வீசி முடிக்க இரண்டு விநாடிகூட ஆவதில்லை. 72 அடிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் மூன்று நிமிடத்திற்குள் அடங்கிவிடும். ஆனால் ஆட்டம் நடப்பதோ ஏறத்தாழ நான்கு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் நடையும் காத்திருப்பும்தான். ஓடி வரும் பந்தை எதிர்கொள்பவனுக்குக் கைசேதப்பட நேரமில்லை. இங்கே பந்து அசையாமல் கிடக்கிறது. உள்ளமோ ஓயாமல் அசைந்துகொண்டிருக்கிறது. அப்படி அடித்திருக்கக் கூடாதே, வேறு மட்டையை எடுத்திருக்கலாமே, எல்லாரும் பார்த்துவிட்டார்களே என்று அந்த நடை முழுவதும் அது தன்னைத்தானே கடித்துக்கொள்கிறது.

மதரஸாவில் குர்ஆனை மனனம் செய்யும் மாணவர்களிடம் இதை நான் நாள்தோறும் காண்கிறேன். பாடம் ஒப்பிக்கும் சிறுவன் ஓரிடத்தில் தடுமாறுவான். திருத்தியதும் ஏற்றுக்கொள்வான். அந்தத் தடுமாற்றம் பெரிதல்ல. ஆனால் அதற்கடுத்த பகுதியில், நேற்றுவரை தண்ணீர்பட்ட பாடாக ஓதிய இடத்தில், மூன்று பிழை விடுவான். நாவு முன்னே போய்விட்டது. உள்ளம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்போது அவனை அதட்டினால் பிழை நான்காகும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

மைதானத்திற்குத் திரும்புவோம். 1999-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி என்னும் ஊரில் ஓப்பன் போட்டி. ஷான் வான் டி வெல்ட் என்ற பிரெஞ்சுக்காரர் கடைசி நாளின் கடைசிக் குழிக்கு வந்து நின்றபோது மற்றவர்களைவிட மூன்று அடிகள் முன்னிலையில் இருந்தார். நான்கு அடிகளில் முடிக்கவேண்டிய அந்தக் குழியை ஆறு அடிகளில் முடித்திருந்தாலும் வெற்றி அவருடையதே. 1907-க்குப் பின் எந்தப் பிரெஞ்சுக்காரருக்கும் கிட்டாத வெற்றி அது.

முதல் அடி வலப்புறம் வெகுதூரம் விலகியது. ஆனாலும் கேடு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. இரண்டாம் அடி பார்வையாளர் மேடையின் கம்பியில் மோதி, ஓடைக்கரைக் கற்சுவரில் பட்டுத் தெறித்து, உயர்ந்த புல்லுக்குள் போய் விழுந்தது. இது அவர் செய்த குற்றமன்று. துரதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். அங்கிருந்து பந்தைப் பக்கவாட்டில் நல்ல தரைக்கு மெல்லத் தட்டிவைத்துவிட்டு, அடுத்த அடியில் ஓடையைக் கடந்திருக்கலாம் என்று அன்றிலிருந்து பேசாத விமர்சகர் இல்லை. அவரோ புல்லுக்குள்ளிருந்தே நேராக ஓடையைத் தாண்ட முயன்றார். பந்து ஓடைக்குள் விழுந்தது. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி நின்று, அங்கிருந்தே அடிக்கலாமா என்று யோசித்த அவருடைய தோற்றத்தை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. பின்னர் தண்டனை அடியை ஏற்றுக்கொண்டார். அடுத்த அடி மணற்பள்ளத்தில் விழுந்தது. ஆக மொத்தம் ஏழு. மூவர் சமநிலையில் நிற்க, கூடுதல் குழிகளில் பால் லாரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் வென்றார். அந்த லாரி அன்று ஆட்டத்தைத் தொடங்கும்போது பத்து அடிகள் பின்தங்கியிருந்தவர்!

வான் டி வெல்ட் பேராசைப்பட்டார் என்று வீட்டில் அமர்ந்து தீர்ப்பளிப்பது சுலபம். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். அந்த ஏழாவது அடியைப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு, அது தவறினால் எல்லாமே முடிந்துவிடும் என்ற நிலையில், மணலிலிருந்து எடுத்த பந்தை ஒரே தட்டில் குழிக்குள் அனுப்பினார். உடைந்துபோன மனிதனின் கை அவ்வாறு செய்யாது.

எனினும் அந்த மூன்றாம் அடி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தவறிய அடிக்கு விலை பெரும்பாலும் ஓர் அடிதான். அந்த ஓர் அடியை உடனே, இந்தக் கணமே திரும்பப் பெற்றுவிடவேண்டும் என்று அடிக்கும் அடுத்த அடியே ஆட்டத்தை விழுங்கிவிடுகிறது. கடையில் நூறு ரூபாய் நஷ்டமானதை அன்று மாலைக்குள் ஈட்டிவிட எண்ணி ஆயிரத்தை இழப்பவரை நாம் பார்த்ததில்லையா?

சினம் கொண்டவனின் கை மட்டையை இறுக்கிப் பிடிக்கிறது. முன்கைத் தசைகள் விறைக்கின்றன. மூச்சு மேலோட்டமாகிறது. வீச்சில் அவசரம் புகுந்துவிடுகிறது. பந்துக்கு மனிதனின் கோபம் தெரியாது. ஆனால் மட்டையின் முகம் சிறிதே திரும்பியிருந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

சினத்திற்குப் பெயர்போன ஓர் இளைஞர் இருந்தார். பாபி ஜோன்ஸ், அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்தவர். 1921-இல், 19 வயதில், கோல்ஃபின் தாய்வீடு என்று போற்றப்படும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் முதன்முறையாக விளையாட வந்தார். மூன்றாம் சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கே 46 அடிகள் ஆகிவிட்டன. பதினோராவது குழியில் பந்து மணற்பள்ளத்தில் விழுந்தது. அடித்தார், வெளியே வரவில்லை. மீண்டும் அடித்தார்; வரவில்லை. முடிவில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். அவ்வூர் மக்கள் இதை ரசிக்கவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டியில் அவர் கோபத்தில் வீசியெறிந்த மட்டை, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் காலில் பட்டது. இனியும் இவ்வாறு நடந்தால் போட்டிகளில் இடமில்லை என்று விளையாட்டுச் சங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1923-இல், அமெரிக்க ஓப்பன் போட்டியில் வெற்றி கையெட்டும் தூரத்தில் இருக்க, கடைசி மூன்று குழிகளிலும் தொடர்ந்து சறுக்கினார் ஜோன்ஸ். எதிராளியோடு சமநிலை ஏற்பட்டது. மறுநாள் மீண்டும் 18 குழிகள் ஆடவேண்டும். 1921-இன் ஜோன்ஸாக இருந்திருந்தால் அந்த இரவே தோற்றிருப்பார். மறுநாளோ கடைசிக் குழிவரை இருவரும் சமமாகவே வந்தனர். புல் இல்லாத வெறும் மண்ணில் கிடந்த பந்தைத் தண்ணீருக்கு மேலாகக் குழியருகே அனுப்பி வென்றார். அவருடைய முதற்பெரும் வெற்றி அதுவே. கை அதே கைதான். திறமையும் பெரிதாகக் கூடிவிடவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அக்காலத்தில் அவருக்கு இணையாக விளங்கிய வால்டர் ஹேகன் வேறொரு சுபாவக்காரர். ஒரு சுற்றுக்கு ஏழு மோசமான அடிகளையேனும் எதிர்பார்த்துத்தான் களமிறங்குவேன், எனவே ஒன்று நேரும்போது அது ஏழில் ஒன்று, அவ்வளவே என்பது அவருடைய கூற்றாக வழங்கிவருகிறது. தவறே செய்யமாட்டோம் என்று எண்ணிப் புறப்படுகிறவனுக்கு முதல் தவறே பேரிடியாகிவிடுகிறது. ஹேகனுக்கு அது வீட்டிற்கு வருவதாகச் சொல்லியிருந்த விருந்தாளி.

எல்லாருக்கும் ஹேகனின் சுபாவம் வாய்ப்பதில்லை. கோபம் வரத்தான் செய்யும். டைகர் உட்ஸ் தமக்குத் தாமே ஓர் எல்லை விதித்துக்கொண்டிருந்ததாகக் கூறியிருக்கிறார்: தவறிய அடிக்காகப் பத்து எட்டு நடக்கும்வரை கோபப்படலாம்; அதற்கு மேல் அந்தக் கோபத்தைச் சுமந்து செல்லலாகாது. கோபமே கூடாது என்று சொல்வதைவிட இது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தோன்றுகிறது. வேறு சிலர் கையுறையைக் கழற்றுவார்கள். அதைக் கழற்றியதும் அந்த அடியின் கதை முடிந்தது. தரையைப் பார்த்து நடக்காமல் மர உச்சிகளைப் பார்த்து நடப்பவர்களும் உண்டு. அடுத்த பந்தின் அருகே வந்ததும் நல்ல அடிக்கு முன் வழக்கமாகச் செய்வதையே செய்வார்கள்: பின்னால் நின்று இலக்கைப் பார்ப்பது, ஒரு மூச்சு, ஓர் ஒத்திகை வீச்சு. பழகிய சடங்கு, அலைபாயும் உள்ளத்தைப் பிடித்து இழுத்துவந்து பந்தருகே நிறுத்துகிறது.

இவ்விளையாட்டில் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே வரும் துணைவருக்குக் கேடி என்று பெயர். நம் பேச்சில் அச்சொல்லுக்கு உள்ள பொருளை இங்கே மறந்துவிடுங்கள்; பெரும்பாலும் அவரே மைதானத்தில் மிகவும் நல்ல மனிதர். ஜோர்டன் ஸ்பீத் என்ற அமெரிக்க இளைஞரின் துணைவரான மைக்கேல் கிரெல்லர் முன்னர் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்தபோது எனக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது.

2016-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாளில் ஸ்பீத் பாதி ஆட்டத்தில் ஐந்து அடிகள் முன்னிலையில் இருந்தார். பன்னிரண்டாவது குழி மூன்று அடிகளில் முடியவேண்டிய சின்னஞ்சிறு குழி. முதல் பந்து தண்ணீரில் விழுந்தது. மறுபடி அடித்தார், அதுவும் தண்ணீரில். ஏழு அடிகளில் முடித்தார். பட்டமும் பறிபோயிற்று. அந்தக் குழியில் அடிப்பதற்கு முன் இன்னுமொரு ஆழ்ந்த மூச்செடுத்து இலக்கில் கருத்தூன்றத் தவறினேன் என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஜூலையில், இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் ஓப்பன் போட்டி. மீண்டும் இறுதி நாள், மீண்டும் முன்னிலை கரைந்துகொண்டிருந்தது. பதின்மூன்றாவது குழியில் பந்து மைதானத்தை விட்டே விலகி மணல்மேட்டின் புதருக்குள் போயிற்று. பழைய காயம் உள்ள மனிதர் என்ன செய்திருப்பார்? ஸ்பீத் அவசரப்படவில்லை. தண்டனை அடியை ஏற்றுக்கொண்டார். பந்தை எங்கே வைத்து அடிக்க விதி இடந்தருகிறது என்று நடுவர்களிடம் கேட்டு, மேட்டின் மேல் ஏறிப் பார்த்து, இறங்கி, பின்னோக்கி நடந்து, வண்டிகள் நின்றிருந்த பயிற்சித் திடல்வரை சென்றார். இருபது நிமிடங்களுக்கும் மேலாயிற்று. எதிராளி மாட் கூச்சர் முணுமுணுக்காமல் காத்திருந்தார். அந்தப் பண்பையும் இங்கே குறிக்காமல் விட முடியவில்லை. முடிவில் ஸ்பீத் அந்தக் குழியை ஐந்தில் முடித்தார். இழப்பு ஒன்றே ஒன்று. ஆனால் அன்று முதன்முறையாகப் பின்தங்கினார்.

அடுத்த குழியில் அவர் அடித்த பந்து குழியருகே போய் நின்றது. அதற்கடுத்த நான்கு குழிகளில் என்று சொல்வதைவிட, அந்தக் குழி முதல் நான்கு குழிகளில் மொத்தம் ஐந்து அடிகளைக் கணக்கிலிருந்து மிச்சப்படுத்தினார். மூன்று அடி வித்தியாசத்தில் வெற்றி. பதின்மூன்றாவது குழியில் அவர் செலவிட்ட அந்த இருபது நிமிடங்களை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஓர் அடி போயிற்று, போகட்டும், இரண்டாவது போகக்கூடாது என்பதற்காகவே ஒரு மனிதர் அவ்வளவு தூரம் பின்னோக்கி நடந்தார்.

சிலருக்கு மீட்சி நிமிடங்களில் வருவதில்லை. வட அயர்லாந்தின் ரோரி மெக்கில்ராய் 2011-இல், 21 வயதில், மாஸ்டர்ஸ் இறுதி நாளில் நான்கு அடி முன்னிலையைத் தொலைத்து 80 அடிகளில் முடித்தார். இரண்டே மாதங்களில் அமெரிக்க ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். எனினும் அந்த மாஸ்டர்ஸ் மட்டும் 2025 ஏப்ரல் வரை அவருக்குக் கிட்டவில்லை. கிட்டிய அந்த நாளிலும் முதல் குழியிலேயே இரண்டு அடி இழப்பு. பின்னர் எளிய ஓர் அடியை ஓடைக்குள் விட்டார். கடைசிக் குழியில் பட்டத்தை அளித்திருக்கக்கூடிய குறுகிய தட்டலும் தவறியது. கூடுதல் குழிக்குச் சென்று அங்கே வென்றார். மறுகணம் புல்தரையில் மண்டியிட்டு அழுதார்.

மணற்பள்ளத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு போன அந்த 19 வயது இளைஞரை அங்கேயே விட்டுவிட்டோம். பாபி ஜோன்ஸ் 1927-இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் திரும்பிவந்து ஆறு அடி வித்தியாசத்தில் ஓப்பனை வென்றார். வென்ற வெள்ளிக் கூஜாவைத் தம்முடன் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லாமல் அவ்வூரிலேயே இருக்கட்டும் என்று விட்டுச் சென்றார். 1930-இல் நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதில் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். பின்னாளில் முதுகுத்தண்டு நோய் அவருடைய கால்களைப் பறித்துக்கொண்டது.

1958-இல் அவ்வூரார் அவரை அழைத்துத் தம் நகரின் குடிமகனாகக் கௌரவித்தனர். அதற்குமுன் அப்பெருமை பெற்றிருந்த அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே. தாங்கு கருவிகளின் துணையோடு எழுந்து நின்று, சிரமத்தோடு பேசி முடித்து அவர் மண்டபத்தை விட்டு வெளியேறியபோது, கூடியிருந்த மக்கள் மீண்டும் வரமாட்டாயா என்று பொருள்படும் பழைய ஸ்காட்லாந்துப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கினார்கள்.