கேட்டுக்குப் பூட்டு போடுவது யார்? டைரக்டர்கள் மேஜையில் தொழிலாளிக்கு இடமில்லை!

தாம்பரம்:

மறைமலைநகர் ஃபோர்டு ஆலை மறுபடியும் திறக்கப் போகிறது. என்ஜின் தயாரிக்க ரூ.3,250 கோடி முதலீடு, 600 பேருக்கு மேல் வேலை, 2029-ல் உற்பத்தி என்று 2025 அக்டோபர் 31-ந் தேதி தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். நல்ல சேதிதான்.

ஆனா 2021 செப்டம்பர் 9-ந் தேதியை இந்தப் பக்கத்து ஜனங்க மறக்கல. 10 வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துறோம் என்று அன்றைக்குத்தான் அறிவித்தார்கள். மறைமலைநகர், குஜராத் சனந்த் இரண்டையும் சேர்த்து சுமார் 4 ஆயிரம் பேருக்கு பாதிப்பு. 2022 ஜூலையில் இங்கே கடைசி கார் வெளியே வந்தது.

இந்த மாதிரி முடிவை யார் எடுப்பது? சூப்பர்வைசரோ, எச்.ஆர். மேனேஜரோ இல்லை. அவங்க சொன்னதைச் செய்றவங்க. ஆலை திறக்க, மூட, பெரிய பணம் போட, தலைமை அதிகாரியை நியமிக்க அதிகாரம் உள்ள இடம் டைரக்டர்கள் போர்டு. அவர்களை உட்கார வைப்பது ஷேர் வைத்திருப்பவர்கள்.

நம்ம சட்டப்படி பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு 2 டைரக்டர் இருந்தாலே போதும். ஃபோர்டு இந்தியாவும் பிரைவேட் லிமிடெட்தான். அதன் சாவி அமெரிக்காவில், டியர்பார்ன் நகரத்துத் தாய் கம்பெனியிடம் இருக்கிறது. அங்கே ஃபோர்டு குடும்பத்திடம் இருக்கும் ஷேர் கொஞ்சம்தான். ஆனா தனி வகை ஷேர் என்பதால் ஓட்டு மட்டும் 40 சதவீதம்!

2013-ம் வருஷ கம்பெனி சட்டம், 166-வது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். டைரக்டர் என்பவர் ஷேர்காரர்களுக்கு மட்டுமல்ல, தொழிலாளர்கள், சுற்றியுள்ள சமூகம் ஆகியோரின் நலனையும் பார்க்க வேண்டும் என்கிறது. நலனைப் பார்க்கணுமாம், ஆனா நாற்காலி கிடையாது!

ஜெர்மனியில் அப்படி இல்லை. 2 ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனியில் மேற்பார்வை போர்டில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. 1976-ல் வந்த சட்டம் அது. ஓட்டு சமமாக வந்தால் சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அவர் பெரும்பாலும் முதலாளி பக்கம்தான். இருந்தாலும் ஆலையை மூடும் பேச்சு அந்த போர்டுக்கு வந்தால் தொழிலாளர் தரப்புக்கும் தெரிந்துவிடும்.

இங்கேயும் அதே 1976-ல் அரசியல் சட்டத்தில் 43-ஏ பிரிவைச் சேர்த்து, நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு என்று எழுதினார்கள். தேசிய வங்கிகள் போர்டில் ஊழியர் தரப்புக்கு இடம் சட்டத்திலேயே இருக்கிறது. பல வங்கிகளில் அது வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. தனியார் ஆலைகளைப் பற்றி கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் 2022-ல் மறைமலைநகர் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் போராடியபோது பேச மிச்சம் இருந்தது செட்டில்மெண்ட் தொகை மட்டுமே. மூடுவதா வேண்டாமா என்பது எப்போதோ முடிந்துபோன சமாச்சாரம்.

இப்போ 600 பேரை எடுக்கும்போது பழைய ஆட்களுக்கு முன்னுரிமை உண்டா? கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அரசு சலுகை கொடுக்கும் கம்பெனி என்பதால், இந்தத் தடவை கோட்டையிலும் கேட்கலாம்.