பழைய வீடுகளும் பொதுச்சுவர்களும்

2017-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி சோமனூர் பஸ் நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்து, பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர்களில் ஐவர் மாண்டனர். அதற்குச் சரியாக ஒரு வாரத்துக்கு முன்பு, ஆகஸ்டு 31-ந் தேதி, பம்பாய் பெண்டி பஜாரில் நூறு வயதைக் கடந்த ஹுஸைனி கட்டிடம் சரிந்து முப்பத்துமூவர் உயிர் துறந்தனர். 2021 டிசம்பர் 27-ந் தேதி சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. ஆனால் அங்கே ஒருவர்கூட மாளவில்லை. விரிசல் பெரிதாவதைக் கண்ட குடித்தனக்காரர்கள் சற்று முன்னதாகவே தட்டுமுட்டுச் சாமான்களை விட்டு வெளியேறியதுதான் காரணம். இம்மூன்றையும் சேர்த்து நினைக்கும்போது, திருப்பூரின் பழைய தெருக்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமலிருக்க நமக்கு மனம் வரவில்லை.

திருப்பூர் 1917-ல் முனிசிபாலிடியாகி, 2008-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. கதர் இயக்க நாட்களில் அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் நடைபெற்றது. கதர் மூட்டைகள் ஏறி இறங்கிய அந்த ஊர் பின்னர் பனியன் ஊராகி, உலகத்துக்கே உடை தைத்து அனுப்பும் ஊராகி விட்டது. ஆனால் அரிசிக்கடை வீதி, ஈஸ்வரன் கோயில் வீதி போன்ற பழைய பாகங்களில், திண்ணையும் நடையும் முற்றமும் மச்சுமாகக் கட்டிய வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து இன்றும் நிற்கின்றன. தொழிலாளர் பகுதிகளிலோ, ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்ளும் லைன் வீடுகள். ஊர் வளர்ந்த வேகத்திற்கு இவ்வீடுகளின் சுவர்கள் தயாராக இருக்கவில்லை என்பதே இன்று நம் முன் உள்ள விஷயம்.

பழைய மச்சு வீட்டின் அமைப்பை அறியாதவர்களே அதைப் பெரும்பாலும் பழுது பார்க்கிறார்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர். அதன்மேல் தேக்கு உத்திரங்கள். உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்து, செங்கல் ஜல்லியும் காரையும் போட்டு இடித்து, தட்டோடு பாவிய தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாட்கணக்கில் இடித்த தளம் அது. இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் அதை வெளியே விடும். அப்படியே நூறு வருஷம் நிற்கும். இப்போது நடப்பது என்ன? சுவரில் உப்புப் பூத்தவுடன் கொத்தனாரைக் கூப்பிட்டு, காரையைச் சுரண்டிவிட்டு, அழுத்தமான சிமெண்டுப் பூச்சைப் போட்டு, அதன்மேல் பளபளப்பான பெயிண்டையும் அடித்து விடுகிறோம். வீடு புதிதாகி விட்டது என்று சந்தோஷம். ஆனால் அடியிலிருந்து ஏறும் ஓதத்துக்கு வெளியேற வழியில்லை. அது சிமெண்டுக்குப் பின்னால் மேலும் மேலும் ஏறி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனியை எட்டுகிறது. நடு உத்திரம் கல்லைப் போலிருக்க, சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் நுனி மட்டும் உளுத்துப் போகிறது. கறையானுக்கும் அதுதான் இஷ்டமான இடம். கீழே நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் மழையில் தளம் இறங்கும்போதுதான் தெரியும்.

பின்னால் வந்த கான்கிரீட்டு லைன் வீடுகளின் நோய் வேறு. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கிறது; கான்கிரீட்டைப் பிளந்து கொண்டு வருகிறது. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் கரையின் நிலத்தடி நீர் உப்பேறிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதையும் இங்கே விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கிணற்று நீரையே கலவைக்கு வார்த்துக் கட்டிய வீடுகளில் கம்பி எவ்வளவு நாள் தாங்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் வீடு வீடாகவே இருந்தால் வரும் கஷ்டங்கள். திருப்பூரில் வீடு வீடாக இருப்பதில்லை. கீழே குடித்தனம், மேலே பவர் டேபிள். அல்லது முன்னறையில் கட்டிங், மச்சில் துணி ரோல். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடியிருப்புத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கட்டப்படுகிறது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம்; ஆகவே சுமார் 1,850 கிலோ. இருபது கிலோ எடையுள்ள நூறு ரோல்களை அந்த அறையில் அடுக்கினால் 2,000 கிலோ ஆகிறது. சரக்கு அறைக்கு அதே தர நிர்ணயம் சதுர மீட்டருக்குக் குறைந்தது சுமார் 750 கிலோ என்று கேட்கிறது. இது கணக்குப் போட்டுக் கட்டிய புதிய வீட்டின் கதை. கணக்கே போடாமல், மேஸ்திரியின் கைப்பழக்கத்தால் கட்டிய பழைய மச்சின் மேல் ஓவர்லாக் யந்திரங்கள் இரவும் பகலும் அதிர்ந்து கொண்டிருந்தால், கீழே தொட்டில் கட்டித் தூங்கும் குழந்தையின் கதி என்ன? ஆர்டர் அவசரம் என்று சொல்லும் முதலாளிகள் இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இனிப் பொதுச்சுவரின் விஷயம். நாம் வக்கீல் தொழிலில் கண்ட வியாஜ்யங்களில் இதைப்போல் மனம் நோகச் செய்வது வேறொன்றில்லை. அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒருவர் தம் வீட்டை இடித்து நாலு மாடிக் கட்டிடம் எழுப்ப ஆரம்பிக்கிறார். ஜே.சி.பி. யந்திரம் வருகிறது, இரண்டு நாளில் இடித்தாயிற்று. பக்கத்து வீட்டின் சுவர், ஐம்பது அறுபது வருஷம் மழையே பார்த்திராத தன் முதுகைத் திறந்து போட்டு நிற்கிறது. பிறகு அதன் அடிவாரத்தை ஒட்டி ஏழெட்டு அடி ஆழத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். மண் நழுவுகிறது, அஸ்திவாரம் இறங்குகிறது, அந்த வீட்டின் நிலைப்படி கோணுகிறது, கதவு மூட மறுக்கிறது. கேட்கப் போனால், "உங்கள் வீடு பழைய வீடுங்க, அது தானாக விழுந்தால் நான் என்ன பண்ணட்டும்?" என்று பதில் கிடைக்கிறது.

சட்டம் அவ்வளவு ஊமையாக இல்லை. 1882-ம் வருஷத்து இந்திய அனுபோக பாத்தியதைச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, ஒரு கட்டிடம் அடுத்தவர் நிலத்தின் அல்லது கட்டிடத்தின் தாங்குதலை இருபது வருஷம் இடையூறின்றி, சமாதானமாய், பாத்தியதையாக அனுபவித்து வந்தால், அத்தாங்குதல் அதற்கு உரிமையாகி விடுகிறது. பழைய வீடுகளில் பெரும்பாலானவை இந்த இருபது வருஷத்தை எப்போதோ கடந்தவை. ஆயினும் இந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைக் குடித்தனக்காரர் முன்சீப் கோர்ட்டுப் படியேறி, தடையுத்தரவு வாங்கி, கமிஷனர் வந்து பார்ப்பதற்குள் சுவர் விழுந்து விடுகிறது. பிறகு கிடைப்பது நஷ்ட ஈட்டு வழக்கு, அதன் அப்பீல், அப்பீலின் அப்பீல்.

இங்கிலாந்தில் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். 1666-ல் லண்டன் மாநகரம் தீக்கிரையான பிறகு வந்த கட்டிடச் சட்டத்திலேயே பொதுச்சுவரைப் பற்றிய விதிகள் இருந்தன. 1996-ம் வருஷத்துப் பொதுச்சுவர்ச் சட்டம், பொதுச்சுவரில் கை வைக்கிறவன் இரண்டு மாதங்களுக்கு முன்பே அண்டை வீட்டாருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது. அருகில் பள்ளம் தோண்டுகிறவன் ஒரு மாதம் முன்பு. சம்மதம் கிடைக்காவிட்டால் நிபுணர்கள் பார்த்து, வேலை எப்படி நடக்க வேண்டும், செலவு யாருடையது என்று தீர்ப்பெழுதுகிறார்கள். சுவர் விழுவதற்கு முன்பே தகராறு தீர்கிறது. அந்நியருடைய நல்ல ஏற்பாடுகளைக் கைக்கொள்வதில் நமக்கு வெட்கம் கிடையாது. அவர்கள் நமக்கு விட்டுப்போன சட்டங்களில் இது சேராமல் போனதுதான் வருத்தம்.

வீட்டுச் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள தகராறைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், சொந்தக்காரர் மராமத்துச் செய்யாவிட்டால் குடியிருப்பவர் உத்தரவு பெற்றுத் தாமே செய்து, வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கழித்துக் கொள்ளலாம் என்றிருந்தது. ஒரு மாத வாடகையில் எந்த உத்திரத்தை மாற்றுவது? அது ஒருபக்கம். பழைய வாடகையில் கட்டுண்ட சொந்தக்காரர் கைப்பணம் போட மனமில்லாமல், வீடு விழட்டும் என்றே காத்திருந்ததும் உண்டு. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017-ம் வருஷத்துப் புதிய சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கட்டுமான மராமத்துச் சொந்தக்காரர் பொறுப்பே என்று அட்டவணையில் ஸ்பஷ்டமாக எழுதியிருக்கிறது. ஆனால் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுக் காகிதமும் எழுதாமல் லைன் வீடு விடும் ஊரில், வெளி ஜில்லாவிலிருந்தும் வட மாகாணங்களிலிருந்தும் வந்த தொழிலாளிக்கு அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பம்பாயில் 1969-ல் ஒரு சட்டம் செய்து, பழைய கட்டிடங்களின்மேல் தனி வரி விதித்து, ஏறக்குறைய 19,600 கட்டிடங்களைப் பழுது பார்க்கும் பொறுப்பை ஒரு போர்டிடம் ஒப்படைத்தார்கள். அப்படியும் ஹுஸைனி கட்டிடம் விழுந்தது. ஆகையால் போர்டு வைத்தால் போதும் என்று வாதிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும், பழைய வீட்டின் மராமத்து சொந்தக்காரர் ஒருவரின் சொந்த விஷயம் மட்டுமல்ல, ஊருக்கும் அதில் பங்குண்டு என்று பம்பாய் ஒப்புக்கொண்டது. இங்கே அந்த முதற்படிக்கே நாம் வரவில்லை.

நாம் கோருவது பெரிதல்ல. பழைய வார்டுகளில் இஞ்சினீயர் ஒருவரும், சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரும் சேர்ந்து ஐப்பசி மழைக்கு முன் வீடு வீடாகப் பார்த்து வரட்டும். கொத்தனாரை வேண்டுமென்றே சொல்கிறோம்; உத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் நோய் சொல்லக் கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதி வைக்கட்டும். கண்ணாடி முறிந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அன்றே சவுக்கு மரம் முட்டுக் கொடுத்து, ஆட்களை வெளியேற்ற வேண்டும். முறியாவிட்டால் பீதி வேண்டாம், பழுது பார்த்தால் போதும். அபாயமான கட்டிடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிடும் அதிகாரம் 1920-ம் வருஷத்து முனிசிபல் சட்டத்திலேயே இருந்தது. அதிகாரக் குறைவு என்ற சாக்கு எடுபடாது. வெளியேற்றப்படுகிறவர்களுக்கு ஒரு மாதத் தங்குமிடத்தையும் உடனே ஏற்பாடு செய்யாவிட்டால், எந்தக் குடும்பமும் கண்ணாடி முறிந்த செய்தியை வெளியே சொல்லாது.

மேற்கொண்டு, இடிப்பதற்கும் கட்டுவதற்கும் அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவோடும், இருபுறத்து அண்டை வீட்டாரும் நோட்டீஸ் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று இணைக்கப்பட வேண்டும். அவர்களுடைய சுவர்களின் அன்றைய நிலையைக் காட்டும் புகைப்படங்களும் அதோடிருக்க வேண்டும். சட்டசபை புதுச் சட்டம் செய்யும்வரை மாநகராட்சி ஒரு தீர்மானத்தின் மூலமே இதை வழக்கத்துக்குக் கொண்டுவர முயலலாம் என்பது நமது அபிப்பிராயம். பழைய வார்டுகளின் கவுன்சிலர்களில் யாரேனும் ஒருவர் இதை அடுத்த கூட்டத்தில் பிரேரிக்க முன்வருவாரா?