ஏறும்போதும் என்ஜின்... இறங்கும்போதும் என்ஜின்!

'இந்த வாரம் வால்பாறை போறோம்' என்று ஆபீஸில் யாராவது சொன்னால், நான் கேட்கும் முதல் கேள்வி: ''எப்படி இறங்கப் போறீங்க?''

''இன்னும் ஏறவே இல்லையே சார்!'' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மலை ஏறுவது பெரிய வித்தை இல்லை. கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால், வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். வேகமும் தானாக அடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வில்லங்கம் ஆரம்பம். வயிறு முட்டச் சாப்பாடு, மறுநாள் ஆபீஸ் நினைப்பு, பின் சீட்டில் குறட்டை, எதிரே இறக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், நம்பர் போட்ட போர்டுகளோடு. சமவெளிக் கணக்கில் 'ஒரு மணி நேரம்' என்று கிளம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரூட்டில் பல வருஷம் ஓட்டிய பஸ் டிரைவர் ஒருவரிடம் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: ''ஏறுன கியர்லயே இறங்குங்க தம்பி. பிரேக்கு வண்டிய நிறுத்தறதுக்குங்க. இறக்கறதுக்கு இல்லீங்க.''

இதற்குள் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடாகும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். சாதாரணமாகப் பயன்படும் 'டாட் 3' வகை ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பழசாகிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி கால் உள்ளே போகும். வண்டி நிற்காது. கிளம்புவதற்கு முன்னால் ஆயிலின் வயசை மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

ஆகவே, இரண்டாவது கியர். சரிவு அதிகமானால் முதல் கியர். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆட்டோமேடிக் வைத்திருப்பவர்கள் 'டி'யில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கக் கூடாது. 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்ற வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்தப் பிடிப்பு குறைவு. நடுநடுவே ஓரங்கட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். உங்கள் முதுகுக்கும் நல்லது.

எல்லா கோஷ்டியிலும் ஒரு மேதாவி உண்டு. ''நியூட்ரல்ல விடுடா மச்சி, பெட்ரோல் மிச்சம்!'' என்பான். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் பெரும்பாலும் அறவே நின்றுபோகும். நியூட்ரலில்தான் என்ஜின் சும்மா ஓட எண்ணெய் குடிக்கும். என்ஜினையே அணைக்கச் சொல்பவன் இன்னும் பெரிய மேதாவி. கொஞ்ச நேரத்தில் பிரேக் கல்லாகும், ஸ்டீயரிங் கனக்கும். அவனைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் நின்றுபோனவன் மறுபடி கிளம்ப கிளட்சைத் தேய்த்து, பின்னால் உருண்டு, படாத பாடு படுவான். பஸ் வருகிறது என்றால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். திரும்புவதற்கு அதற்கு முழு ரோடும் வேண்டும். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம் போதும்.

இன்னொரு விஷயம். இந்த ரோடு நமக்கு மட்டும் பட்டா போட்டதல்ல. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கம், நம் மாநில விலங்கான வரையாடு நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். அவை ரோட்டில் இறங்காமல் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டி மறுபடி ரோட்டுக்கு இழுக்கிறோம். அடுத்த வண்டி அடிக்கிறது.

யானை விஷயத்தில் வால்பாறைக்காரர்கள் நம்மைவிட கெட்டிக்காரர்கள். எந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடு அங்கே 2011-லேயே வந்துவிட்டது. கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், 'பக்கத்தில் இருக்கிறார்' என்று அர்த்தம். ஊர்க்காரர்களே நிற்கும்போது, நாம் ஹாரன் அடித்து செல்ஃபி எடுக்கப் போவது வீரம் இல்லை.

''திங்கள்கிழமை லேட்டாயிடும் சார்'' என்கிறீர்களா? ஆகட்டுமே. ஒரு மணி நேரம் பர்மிஷன் போடுங்கள். மானேஜர் திட்டுவார். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ள ஆள் முழுசாக வந்து சேர வேண்டாமா?